பாதை முடிகிற இடத்தில் ஒரு வீடு

ரயிலிலிருந்து இறங்கியவர்கள் முந்நூறு பேராவது இருப்பார்கள். எதிர்ப் பிளாட்பாரத்தில், நகரத்துக்குத் திரும்பும் வண்டிக்காகக் காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை.

"சாயங்காலம் ஆச்சுல்ல, எல்லாரும் வீடு திரும்புற நேரம்," என்றான் கணவன்.

"ஞாயித்துக்கிழமை எங்க போயிட்டுத் திரும்புறாங்க? ஒருத்தர் கையிலயும் ஒரு பைகூட இல்லை."

"ஆரம்பிச்சுட்டியா, எக்ஸ்ரே."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். எதையும் துருவித் துருவிப் பார்க்கிறாள் என்று அவன் வைத்த பெயர் வீட்டில் நிலைத்துவிட்டது. அவளுக்குப் பெரிய நகரத்தில் வேலை கிடைத்து, புதன்கிழமை சேர வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக ஏழு வயது மகளையும் இழுத்துக்கொண்டு புறநகர் புறநகராக அலைந்தாயிற்று. ஒன்றில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். ஒன்றில் வாடகையைக் கேட்டதுமே கணவனுக்கு இருமல் வந்துவிட்டது. இன்னொன்றில் பக்கத்தில் பள்ளிக்கூடமே இல்லை. நாலாவதில் வீடு பிடித்திருந்தது, வீட்டுக்காரருக்குத்தான் இவர்களைப் பிடிக்கவில்லை. வரைபடத்தில் ரயில் பாதை முடிகிற புள்ளியில் விரலை வைத்து, இதையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று சொன்னவள் அவள்தான்.

இடம் இருக்கு என்று போனில் சொல்லியிருந்த தரகர் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றிருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, சிரித்த முகம். "வாங்க வாங்க. நடக்குற தூரம்தான்," என்று முன்னால் நடந்தார்.

தெரு கோடு போட்டதுபோல நேராக இருந்தது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள் இரண்டு பக்கமும் நிற்க, வெயில் இன்னும் இறங்காதபோதே எல்லா ஜன்னல்களிலும் விளக்கு எரிய, மொட்டைமாடிகளில் பிழியாமல் போட்ட துணிகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைத் தவிர டிவியோ, பாத்திரமோ, குழந்தை அழுகையோ, ஒரு நாயின் குரைப்போ எங்கிருந்தும் வரவில்லை. சோப்பும் ஈரச் சிமெண்டும் கலந்த வாடை மட்டும் கூடவே வந்தது.

ஒரு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பத்து வருஷத் தொழில் பழக்கம், அவள் கண் முதலில் அவருடைய மார்புக்குத்தான் போனது. நெருங்கும்வரை பார்த்தாள். கடந்த பிறகும் திரும்பிப் பார்த்தாள். அது ஏறவில்லை, இறங்கவில்லை. அவர் கண்கள் மட்டும் மகளையே தொடர்ந்து வந்தன.

"ஏங்க, போயிடலாம்."

"இவ்வளவு தூரம் வந்துட்டா? பார்க்கக் காசா கேக்குறாங்க?"

வீட்டுக்குள் கால் வைத்ததும் தரை ஈரமாக இருந்தது. இப்போதுதான் துடைத்த ஈரம். கூடம் பெரிது, காற்று நன்றாக வந்தது. கணவன் முகம் மலர்ந்தது. அவள் சமையலறைக்குப் போய் அடுப்பின் மேல் கை வைத்தாள். சூடாக இருந்தது. குளியலறைக் கொடியில் மூன்று துண்டுகள். மூன்றும் நனைந்திருந்தன.

"இங்க இருந்தவங்க இன்னைக்குத்தான் காலி பண்ணினாங்களா?" என்று கேட்டாள்.

"இந்தப் பக்கம் வந்தவங்க யாரும் காலி பண்ணினதே இல்லீங்க." தரகர் குரலில் பெருமை இருந்தது.

கணவன் சிரித்தான். "அப்போ இது மட்டும் எப்படி சார் காலியா இருக்கு?"

"காலின்னு நான் சொல்லலையே. இடம் இருக்குன்னுதான் சொன்னேன்."

அதையும் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு கணவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். சாக்ஸையும் உருவினான். ஈரத் தரையில் பாதங்களை அழுத்தி வைத்தபோது அவன் தோள்கள் தளர்ந்தன. இந்த மூன்று வாரத்தில் அவன் இவ்வளவு நிம்மதியாக இருந்து அவள் பார்க்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு இங்க," என்றான். "அலைஞ்சது போதும்."

"எழுந்திருங்க. இப்பவே கிளம்பணும்."

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் மகளின் கையைப் பிடிக்கத் துழாவினாள். கைக்கு எதுவும் அகப்படவில்லை.

"வாண்டு எங்க?"

"உள் ரூமுக்குப் போயிருக்கு," என்றார் தரகர். "பிள்ளைங்களுக்குச் சீக்கிரம் பிடிச்சுப் போயிடும்."

நடையின் கடைசியில் ஒரு கதவு, பாதி திறந்து. அவள் ஓடினாள். நெருங்க நெருங்க ஒரு வாடை. நிரம்பி வழிகிற லிஃப்டுக்குள் அடிக்குமே, வேர்வையும் தலைமுடியும் சட்டைத் துணியுமாக, அந்த வாடை. ஆனால் உள்ளே ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கதவைத் தள்ளினாள்.

மனிதர்கள். அறை முழுக்க. எதிர்ச் சுவரைப் பார்த்து, அவளுக்கு முதுகைக் காட்டி, வரிசை வரிசையாக, தோளோடு தோள் இடித்தபடி நின்றார்கள். ஒரு ஆண், ஒரு பெண், நடுவில் குழந்தைகள். அடுத்த வரிசையிலும் அப்படியே. சுவரோரம் நின்றவர்களின் உடை மக்கி நூலாகத் தொங்கியது. கதவுப் பக்கம் நின்ற பெண்ணின் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது.

அவர்களுக்குப் பின்னால், கதவை ஒட்டி, அவள் மகள். நேராக. கைகளைத் தொங்கவிட்டு.

"வாண்டு. வாடா செல்லம். அம்மாகிட்ட வா."

திரும்பவில்லை.

தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. சுவரை இழுப்பதுபோல இருந்தது. அந்தச் சின்ன முதுகையே பார்த்தாள். ஏறும் என்று. இறங்கும் என்று.

காத்திருந்தாள்.

பின்னால் வெறுங்கால்கள். கணவன் அவளைத் தாண்டி உள்ளே போனான். மகளுக்கு ஒரு பக்கம் ஒட்டி நின்றான். மறுபக்கம் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பினான்.

"கொஞ்சம் நெருங்கி நின்னுக்கங்கம்மா," என்றார் தரகர், அவள் காதருகே. "கதவைச் சாத்தணும்."

மகளின் கை மெல்ல உயர்ந்து, பக்கவாட்டில் நீண்டு, அந்தக் காலி இடத்துக்கு மேல் விரிந்து நின்றது.

ஈரத் தலைமுடிக்காரி, திரும்பிப் பார்க்காமலே, அரை அடி முன்னால் நகர்ந்தாள். அவளுக்கு முன்னால் நின்றவளும் நகர்ந்தாள். அவளுக்கு முன்னால் நின்றவளும்.