ஒரிதோ: இன்னும் பச்சை

மசாயோவின் மேசைத் தொலைபேசி காலை ஒன்பது மணிக்கு முன்னால் அடித்த வழக்கமே கிடையாது. மேப்பிள் இலைகள் பச்சையிலிருந்து சிவப்பாக மாறும் பருவத்தில் அவள்தான் ஊரைக் கூப்பிடுவாள். கியோட்டோவைச் சுற்றியிருக்கும் கோயில் அலுவலகங்கள், மலையடிவாரத் தேநீர்க் கடைகள், ஆற்றங்கரை விடுதிகள் என்று முப்பத்தெட்டு இடங்கள். "இன்னிக்கு இலை எப்படிங்க இருக்கு?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு, பச்சை, நிறம் ஏறுகிறது, உச்சம், உதிர்கிறது என்ற நான்கில் ஒன்றைப் பென்சிலால் தாளில் எழுதி அச்சுக்கு அனுப்புவாள். மறுநாள் காலை நாளிதழில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பாதி நகரம் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும். இருபது வருஷமாக அவளுக்கு இதே வேலை.

அன்றைக்கு அவள் மேல்கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. மணி அடித்தது.

"ஒரிதோலேருந்து பேசறேம்மா," என்றது வயதான ஓர் ஆண் குரல். "இங்க இன்னும் பச்சைதான். காலங்காத்தால தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க."

அவருக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் இருமினாள். இணைப்பு அறுந்தது.

மசாயோ ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஒரிதோவில் தொலைபேசி ஏது? அந்த மலைப் பள்ளத்தாக்கில் இருந்ததே ஒரு தேநீர்க் கடை, அதையும் பூட்டி மூன்று வருஷம் ஆகிறது. போன குளிர்காலத்தில் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தவளே அவள்தான். யாரோ வேலையில்லாதவன் விளையாடுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று எழுதி முடித்ததும் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வரிதான் இருந்தது.

மறுநாள் நாளிதழில் முப்பத்தொன்பது இருந்தது. கடைசி வரி: ஒரிதோ, பச்சை.

கோப்பிலிருந்து நேற்றைய தாளை உருவி எடுத்துப் பார்த்தாள். அடியில் அந்த வரி பென்சிலில் இருந்தது. எழுத்து அவளுடையது. அவசரத்தில் கடைசி எழுத்தை இழுத்து விடும் அவளுடைய கெட்ட பழக்கம்கூட அப்படியே இருந்தது. தாளை மடித்துக் கைப்பையின் அடியில் திணித்தபோது அவள் காதுமடல் சூடேறியது. பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம், ஏனென்றால் அந்தக் குரலை அவள் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

போன வருஷம் நவம்பரில் கேட்டாள். தேநீர்க் கடை மூடிய பிறகு ஒரிதோவில் இலை எப்படி என்று சொல்ல ஆளில்லை. அந்த வரியை நீக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நடை போய்ப் பார்த்திருக்க வேண்டும். மசாயோ இரண்டையும் செய்யவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கு சிவந்தால் ஒரிதோவும் சிவந்துதானே இருக்கும் என்று குத்துமதிப்பாக எழுதி வந்தாள். இரண்டு வருஷம் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாவது வருஷம் ஒரு மதிய நேரத்தில், அவள் வாயில் சோற்றுருண்டை இருக்கும்போது, அவர் கூப்பிட்டார்.

"பட்டியல்ல உச்சம்னு போட்டிருக்கீங்கம்மா. நிஜமாவே சிவந்திருக்கா? என் சம்சாரத்துக்கு இந்த மாசம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கல்யாணமான வருஷம் அங்கதான் போனோம். இப்ப அவளை ஒரே ஒரு தடவைதான் கூட்டிட்டுப் போக முடியும், அதான் கேக்கறேன்."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்து மேசையில் பொறுப்பாசிரியர் செரிதா உட்கார்ந்திருந்தார். தெரியாமல் எப்படி எழுதினாய் என்று அவர் கேட்பாரே என்ற ஒரு சின்ன கூச்சம். அவ்வளவுதான். அந்தக் கூச்சத்துக்காக மசாயோ சோற்றை விழுங்கிவிட்டு, நாலு பேருக்குக் கேட்கும்படி, வாய் கூசாமல் சொன்னாள்: "நேத்துதாங்க நானே போய்க் கண்ணால பார்த்துட்டு வந்தேன். மலையே பத்தி எரியற மாதிரி இருக்கு. தைரியமாக் கூட்டிட்டுப் போங்க."

நாலாம் நாள் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்தது. ஒரிதோவில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட முதிய தம்பதி மழையிலும் குளிரிலும் விறைத்து இறந்தனர். பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். அம்மாளின் மடியில் நாளிதழின் ஒரு பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. செய்தி எழுதிய பையன் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னான்: "ஒரு இலைகூடச் சிவக்கல அங்க. பச்சை மரத்துக்கடியில எதுக்கு ராத்திரி வரைக்கும் உக்காந்திருந்தாங்களோ, பாவம்."

மசாயோவுக்குத் தெரியும் எதற்கென்று. மலையே பற்றி எரிகிறது என்று சொன்னவளை நம்பி, அந்த மரம் எங்கே என்று தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் செய்வதுபோல நல்ல கடையில் ஒரு பெட்டி பயறு இனிப்பு வாங்கி, பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு, அவர்களுடைய மகள் வீட்டு வாசல்வரை போனாள். அழைப்பு மணியில் விரலையும் வைத்தாள். உள்ளே யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அப்படியே திரும்பி வந்துவிட்டாள். அந்தப் பெட்டியை அவளேதான் தின்று தீர்த்தாள், ஒன்பது நாள், தினமும் ராத்திரி தேநீரோடு ஒரு துண்டு. கடைசித் துண்டுவரை அது இனிப்பாகவே இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் கூசும்.

இப்போது தினமும் அந்த அழைப்பு வந்தது. ரிசீவரை எடுக்காமல் விட்டுப் பார்த்தாள், அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகமே திரும்பிப் பார்த்தபோது எடுக்க வேண்டியதாயிற்று. "இன்னும் பச்சைதாம்மா. மன்னிச்சுக்கோங்க." ஒரு நாளும் குறையாக ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நவம்பர் முடிந்தது. முப்பத்தெட்டு இடங்களிலும் உதிர்கிறது, உதிர்கிறது என்று எழுதினாள். கடைசி வரி மட்டும் மாறவில்லை.

டிசம்பர் மூன்றாம் தேதி செரிதா அவள் மேசையில் தாளம் போட்டார். "ஏம்மா மசாயோ, ஊரெல்லாம் மொட்டையா நிக்குது, ஒரிதோ மட்டும் பச்சையாமே! காலையிலேருந்து பன்னெண்டு பேர் போன் போட்டு என் உயிரை எடுக்கறாங்க. ஒரு எட்டு போய் போட்டோ எடுத்துட்டு வந்துடேன். வழிதான் உனக்குத் தெரியுமே, போன வருஷம் நீ போயிட்டு வந்த இடம்தானே?"

"தெரியும் சார்," என்றாள் மசாயோ.

அதே கடையில் அதே இனிப்புப் பெட்டியை வாங்கினாள். ஒன்று நாற்பது பேருந்தில் ஏறினாள். வழியெல்லாம் உதடு அசையாமல் மூன்று வாக்கியங்களைச் சொல்லிப் பழகினாள். என்னை மன்னித்துவிடுங்கள். நான் பார்க்கவே இல்லை. பொய் சொன்னேன். யாரிடம் சொல்லப் போகிறோம் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை. அங்கே ஒரு பெஞ்சு இருக்கும், பெட்டியை வைத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று இருந்தாள்.

இறங்கும்போது ஓட்டுநர் குரல் கொடுத்தார். "மூணு அம்பதுக்குக் கடைசி வண்டிம்மா. ஹார்ன் அடிப்பேன். விட்டுட்டீங்கன்னா காலைலதான்."

பாலம்வரைக்கும் மரங்கள் வெறும் குச்சியாக, காய்ந்த சருகு காலடியில் நொறுங்க, டிசம்பர் மாதத்து மலை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பாலத்தைத் தாண்டி முதல் படியில் கால் வைத்ததும் சருகுச் சத்தம் நின்றுபோய், ஜூன் மழையில் நனைந்த தழையின் வாடை மூக்கில் ஏறி, தலைக்கு மேல் இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள், விரித்த கைபோல ஐந்து நுனி கொண்ட இலைகளில் ஒன்றுகூட வாடாமல், ஒரு இலைகூட உதிராமல், வெயிலே உள்ளே வராதபடி பச்சைப் பசேலென்று கூடி நின்றன. காற்று வீசியது. இலைகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. தண்ணீர் ஓடும் ஓசை மட்டும் கேட்டது, தொலைபேசியில் கேட்ட அதே ஓசை. படிக்கட்டில் பாசி வழுக்கியது. தன் கையைப் பார்த்தாள், அதுவும் பச்சையாகத் தெரிந்தது.

மேலே யாரோ இருமினார்கள்.

திரும்பிவிடலாம் என்று கால் சொன்னது. போன தடவை வாசலிலிருந்து திரும்பியது ஞாபகம் வந்தது. ஏறினாள்.

பெஞ்சு இருந்தது. அதில் இரண்டு முதுகுகள். ஒன்றில் பழுப்பு மேல்கோட்டு, மற்றதில் பின்னல் தொப்பி. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

பெரியவர் எழுந்து திரும்பினார். அவர் புருவத்தில் நீர்த்துளிகள் கோத்து நின்றன. அவர் குனிந்து வணங்கியபோதும் அவை விழவில்லை.

"பத்திரிகைக்காரம்மாதானே? இவ்வளவு தூரம் வந்தீங்களே! உங்களை நாங்க நம்பாம இல்லம்மா. தப்பு எங்க மேலதான். எங்களுக்குத்தான் மரத்தைப் பார்க்கத் தெரியல போல. ஒரு வருஷமாத் தேடறோம்." வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார். "நீங்க கண்ணால பார்த்த மரம் எதும்மா? கொஞ்சம் காட்டுங்களேன். இவளுக்கு அதைத்தான் பார்க்கணுமாம்."

மூன்று வாக்கியங்களும் தொண்டைவரை வந்தன. அம்மாள் திரும்பி, அண்ணாந்து, குழந்தை மிட்டாய்க் கடையைப் பார்ப்பதுபோல ஆசையோடு அவள் முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? காறித் துப்பியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். இப்படிப் பார்த்தால் என்ன செய்வாள்?

மசாயோ வலது கையைத் தூக்கினாள். "அதோ," என்றாள். "அதுதாங்க."

இரண்டாம் முறையும் பொய்.

அம்மாள் விரல் போன திசையில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "எங்க? பச்சையாத்தானே இருக்கு?"

சூடு முதலில் காதில் ஏறியது. பிறகு கன்னம், கழுத்து. வாழ்நாளில் இப்படி வெட்கப்பட்டதில்லை. தோளுக்குள் இறங்கியது. முழங்கை. மணிக்கட்டு.

கீழே ஹார்ன் அடித்தது.

கையை இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. இனிப்புப் பெட்டி இடது கையிலிருந்து நழுவியது. படியில் உருண்டது. கால் நகரவில்லை. குனிந்து பார்க்கப் பயந்தாள்.

அம்மாள் இப்போது மரத்தைப் பார்க்கவில்லை.

"ஏங்க," என்றாள். "ஏங்க, இங்க பாருங்க. சிவக்குது."

உள்ளங்கையில் தொடங்கி விரல்களுக்கு ஏறியது. ஐந்து விரலும் தாமாக விரிந்தன. மெலிந்தன. நுனி கூர்ந்தது. நரம்புகள் மட்டும் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தன.

"அட, ஆமா!" பெரியவரின் குரல் தழுதழுத்தது. "பத்திரிகைக்காரம்மா சொன்னது நிஜம்தான் பாரு. பொய் சொல்றவங்க இல்ல." மறுபடியும் அவளுக்கு ஆழக் குனிந்து வணங்கினார்.

இல்லை. நான் பார்க்கவே இல்லை. பொய் சொன்னேன். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தொண்டையில் ஏதோ சலசலத்தது.

மறுபடி ஹார்ன். பேருந்து உறுமிக்கொண்டு கிளம்பும் ஓசை. பிறகு தண்ணீர் மட்டும்.

இருட்டு பச்சையாக இறங்கியது. பள்ளத்தாக்கிலேயே சிவந்திருந்தது அந்த ஒன்றுதான்.

பெரியவர் உட்கார்ந்து மனைவியின் போர்வையைச் சரிசெய்தார். "இன்னிக்கு உச்சம்," என்றார். "இனிமே உதிர ஆரம்பிச்சிரும். இருந்து முழுசாப் பார்த்துட்டே போவோம், என்ன?"

காற்று அடித்தது. சுண்டுவிரலின் நுனியில் ஏதோ கழன்றது. வலிக்கவில்லை. சின்னதாக, சிவப்பாக, சுழன்று சுழன்று இறங்கி அம்மாளின் மடியில் விழுந்தது.

அம்மாள் அதை இரு விரலால் எடுத்து, மிச்சமிருந்த வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மடியிலிருந்த நாளிதழ்ப் பக்கத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள். மூடினாள். சுருக்கம் விழாமல் தடவிவிட்டாள். பிறகு முந்தானையை ஏந்துவதுபோல் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அடுத்தது விழுவதற்காக அண்ணாந்து பார்த்தாள்.