வீட்டாரின் சொல்

நிலவின் ஏழாம் பண்ணையில் தக்காளி பறிப்பவர்கள், வேலை முடிந்ததும் கூடாரத்து வாசலில் வரிசையாக நின்று இருமுவார்கள். ஒவ்வோர் இருமலையும் 'நலத்தோழன்' என்ற இயந்திரன் காது கொடுத்துக் கேட்கும். அன்று அது அஞ்சுகத்தை மட்டும் நிறுத்தியது.

"நுரையீரல்ல நிலாத் தூசு ஏறிடுச்சுக்கா. நாளைக்குக் கெளம்புற கப்பல்ல ஊருக்குப் போயிடுங்க. அடுத்த கப்பல் வரைக்கும் தாங்காது."

"போறேன்பா. எழுதிக்க."

"நீங்க சொன்னாச் செல்லாது. நான் பண்ணை வாங்கிப் போட்ட மெஷினு, என் சொல்லும் செல்லாது. வீட்டுல ஒருத்தர் சொல்லணும்."

வேலைக்கு வந்தவர்கள் மேஸ்திரிக்குப் பயந்து நோயை மறைக்கிறார்கள், உண்மை வீட்டாருக்குத்தான் தெரியும் என்று பல ஆண்டு ஆராய்ந்து, நல்ல மனத்தோடு போட்ட சட்டம் அது.

அஞ்சுகம் நம்பிக்கையோடுதான் தியாகதுருகத்தில் இருந்த மகளை அழைத்தாள். வாரம் தவறாமல் பேசும் மகள். நலத்தோழனும் இணைப்பில் இருந்தது.

"மலரு, அம்மாவுக்கு மூச்சு விட முடியலடி. என்னை ஊருக்குக் கூப்பிட்டுக்கடி." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

குரல் பூமிக்குப் போய்த் திரும்ப மூன்று விநாடி.

"யாருங்க நீங்க?" என்றாள் தேன்மலர்.

"உன் அம்மாதான்டி!"

"எங்கம்மா காய்ச்சல்ல கெடந்தாக்கூட சிரிச்சிக்கிட்டுதான் பேசும். நாலு வருஷத்துல ஒரு நாள் அழுததில்ல. போலிக்குரல் வச்சு ஏமாத்துறவங்கதான் இப்படி அழுவாங்க. வெக்கமா இல்ல? எங்கம்மாவ என்ன பண்ணீங்க?"

கடைசி வார்த்தையில் மகளின் குரல் நடுங்கிற்று. அந்த நடுக்கத்தை அஞ்சுகத்தால் தாங்க முடியவில்லை. நெஞ்சை அழுத்திப் பிடித்து, வந்த இருமலை விழுங்கிச் சிரித்தாள்.

"சும்மா வெளாடுனேன்டி, மக்கு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

மூன்று விநாடி.

"அம்மா! உசுரே போயிடுச்சும்மா எனக்கு. இப்படியா வெளாடுவ?"

நலத்தோழன் குறுக்கிட்டது. "சட்டப்படி ஒரே கேள்வி. உங்க அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கு. எங்கம்மாவ எனக்குத் தெரியாதா?"

நலத்தோழன் பதிந்துகொண்டது. பயண இருக்கை அடுத்தவர் பெயருக்குப் போயிற்று.

அஞ்சுகம் கேட்டாள், "நீ எப்படி இருக்க கண்ணு? சாப்பிட்டியா?"

"நான் நல்லா இருக்கேம்மா. வயிறாரச் சாப்பிட்டேன்."

நான்கு ஆண்டுகளாகக் கேட்ட பதில்தான். அன்றுதான் முதல்முறையாக அஞ்சுகத்தால் அதை நம்ப முடியவில்லை.