சுழல மறுத்த ஷாஃப்ட்

காலையில் எழுந்தான். பல் விளக்கினான். பால் வாங்க மறந்திருந்ததால் வெறும் டீ போட்டு, அடுப்படியில் நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். வீட்டை ஒட்டிய ஷெட்டின் ஷட்டரைத் தூக்கி, ஜாக்கிகளின் மேல் நின்ற பழைய பிக்கப்பின் அடியில் படுத்து, பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைக் கையால் சுழற்றிப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு சுழன்றது.

நேற்று மாலை அவன் பூசிய கிரீஸில் மட்டும் நான்கு கோடுகள். பக்கத்துப் பக்கத்தில், சற்றே சாய்வாக, வழித்தெடுத்தாற்போல. தொட்டான். இரும்பு வெதுவெதுவென்றிருந்தது.

“எலி” என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் பூசினான்.

டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைக்கலாம் என்பது அவன் மனைவியின் யோசனை. வயரிங் மொத்தமும் அவள் கைவேலை; வயர் பற்றவைக்கும் சால்டரிங் கம்பி சுட்ட தழும்பு ஒன்று அவள் கட்டைவிரலில் இருந்தது. ஒல்லி உடம்பு என்பதால் வண்டிக்கு அடியில் நுழைவது அவள். சாவியோடு கேபினில் உட்கார்வது அவன். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். அடியில் இருப்பவர் கையை எடுத்தபின் தகட்டில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டுக் கேட்காமல் சாவியைத் திருப்பக் கூடாது.

வேலை பாதியில் நிற்கையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தலைக்கு ஏறியது. போய்விட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார், “கடைசியா என்னப்பா சொன்னா?” என்று கேட்டபோது, “வண்டியப் பத்தித்தான்” என்றான். வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பேச்சு, வண்டியை முடிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள் என்றாகிவிட்டது. அவன் மறுக்கவில்லை. இந்த வண்டியும் இல்லையென்றால் அவனுக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை.

வண்டியோ உயிரை வாங்கியது. கையால் சுற்றினால் சுற்றும். மின்சாரம் கொடுத்தால் கால் சுற்று திரும்பும், முனகும், நிற்கும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் அணைந்துவிடும். பேரிங் மாற்றினான். கியர்பாக்ஸைப் பிரித்துக் கோத்தான். கண்ட்ரோலரையே புதிதாகப் போட்டான். கால் சுற்று, முனகல், சிவப்பு.

“என்ன மாமா, மகாராணி இன்னைக்காவது மனசு வெச்சாளா?” மதியம் மச்சினன் வந்து நின்றான்.

“கழுத்தறுக்குறா.”

“கையால சுத்தினா சுத்துதுல்ல?”

“சுத்துதுடா. கரண்ட் குடுத்தாத்தான் யாரோ புடிச்சு நிறுத்தற மாதிரி இருக்கு.”

“அளவக் கூட்டி விடுங்களேன். பிச்சைக்காரனுக்குப் போடற மாதிரி கரண்ட் குடுத்தா எப்படிச் சுத்தும்?”

“ஏன் நிக்குதுன்னு தெரியாம கூட்டக் கூடாது. உங்க அக்கா இருந்தா வெளக்குமாத்தத் தூக்கியிருப்பா.”

“அக்கா இருந்தா இந்நேரம் ஓட்டிட்டே போயிருப்பா.” சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டான். “அவ கடைசியா கேட்டது இது ஒண்ணுதான் மாமா. முடிச்சுடுங்க. நான் போய்ச் சாப்பாடு வாங்கிட்டு வரேன்.”

மச்சினனின் பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. வெளியே மேகம் மூடி, ஷெட்டுக்குள் பகல் வெளிச்சம் சாம்பல் நிறமாகக் குறைந்து, கிரீஸ் வாடைக்கும் சூடான ரப்பர் வாடைக்கும் நடுவே, எங்கிருந்தென்று தெரியாமல், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் மருந்தின் நெடி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை போட்டுப் பார்த்தான். கால் சுற்று. முனகல். சிவப்பு. ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினான்.

“போதும்டி” என்றான், வண்டியைப் பார்த்து.

லேப்டாப்பைக் கண்ட்ரோலரில் மாட்டி மின்சார அளவை உச்சத்துக்கு ஏற்றினான். கேபினில் ஏறினான். சாவியில் கை வைத்தவன், பழக்கத்தில், காத்திருந்தான்.

தட்டு வரவில்லை. எப்படி வரும்? அடியில் யாருமில்லை.

திருப்பினான். பெடலை மிதித்தான்.

மோட்டார் முனகியது. வண்டி நடுங்கியது. முனகல் ஊளையானது. மருந்து நெடி தொண்டையைக் கவ்வியது. அவன் காலை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினான்.

ஏதோ விட்டது. ஈரத்துணி கிழிவதுபோல.

சக்கரங்கள் சுழன்றன. அழகாக. சத்தமே இல்லாமல். நெடுநாளைக்குப் பின் அவன் சிரித்தான்.

பிறகு கேட்டது. தொப். தொப். தொப். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று.

அணைத்தான். இறங்கினான். முட்டி போட்டு டார்ச்சை அடித்தான்.

வேகம் தணிந்து சுழன்ற ஷாஃப்டில் ஒரு கை. மணிக்கட்டுக்குப் பின் எதுவுமில்லை. கிரீஸுக்குள் புதைந்த நான்கு விரல்கள். நகங்கள் வெளுத்திருந்தன. கட்டைவிரலில் சால்டரிங் சுட்ட தழும்பு. மேலே போனது. கீழே வந்தது. மேலே. கீழே. நின்றது.

நின்றபின், விரல்கள் மெல்ல அசைந்து, நழுவிய பிடியை இறுக்கிக்கொண்டன.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில், கண் திறக்காமல், கட்டில் கம்பியை விடாமல் பற்றிக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்:

“நான் இன்னும் கைய எடுக்கலைங்க. போட்டுடாதீங்க.”