தலைகீழாய் ஓர் ஒன்பது

"ஆறா... ஒன்பதா?"

கேட்டவன் தலையை நிமிர்த்தவேயில்லை. வாயில் இரண்டு ஆணி, கையில் சுத்தியல், முழங்காலுக்குக் கீழே ஒரு பலகை.

"ஒன்பது," என்றாள் தெக்லா.

சுத்தியல் பாதி வழியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தான்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஹார்டுவேர் கடையின் தகரக் கூரைக்கு உள்ளே பாதியும் வெளியே பாதியுமாக நின்றிருந்தாள் அவள். இமைகளில் துளிகள். அவள் சிமிட்டவில்லை, அவையும் விழவில்லை. பச்சையும் பழுப்பும் கலந்த கண்கள்... சண்டைக்கு வந்திருக்கிறாளா, சிரிக்கப்போகிறாளா என்று கண்டுபிடிக்க முடியாத கண்கள்.

அவன் ஆணிகளை வாயிலிருந்து எடுத்தான்.

"நெசமாவா கேக்குறீங்க? காலையிலேருந்து நாப்பத்தோரு பலகை குடுத்திருக்கேன். நாப்பதும் ஆறு."

"மிச்சம் ஒன்னு?"

"அது நம்ம பாஸ்டர். தோத்தவங்களைக் கைவிடக் கூடாதுங்கிறது அவரு தொழிலு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாத இடத்தில் வந்த சிரிப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆல்டர்பெண்ட் ஊரில் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் யாரும் வேறு பேச்சுப் பேசுவதில்லை. சனிக்கிழமை ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான 'கொக்குகள்' ஆடும் முதல் ஆட்டம். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவு செய்கிற குவார்ட்டர்பேக் இடத்தில் பதின்மூன்று வருடங்களாக நின்றவர் ஒன்பதாம் எண் வெண்டெல். வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். போன நவம்பரில், கடைசி நிமிடத்தில், அவர் எறிந்த பந்து எதிராளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு தோளில் அறுவை சிகிச்சை. இப்போது ஆறாம் எண் போட்டு டேனிக் என்ற இருபத்தொரு வயதுக்காரன் வந்திருக்கிறான். யார் முதலில் இறங்குவார் என்பதைக் கோச் வெள்ளிக்கிழமை சாயங்காலம், சர்ச் மண்டபத்து மீன் சாப்பாட்டில் வாசிப்பார். அதுவரை அவரவர் வீட்டுப் புல்வெளியில் அவரவர் எண்ணை நட்டுவைப்பது ஊர் வழக்கம்.

ஆள் போட்டுப் பலகை அடித்துக் கொடுக்கிற ரசிகர் சங்கத்துக்கு இந்த வருடம் செலவு மிச்சம். ஒரே அச்சு போதும். இப்படிப் பிடித்தால் ஆறு, அப்படிப் பிடித்தால் ஒன்பது. மண்ணில் ஊன்றுகிற கால் கட்டையை எந்தப் பக்கம் அடிக்கிறோம் என்பதுதான் கணக்கு.

"அந்தப் பொண்ணு கேட்டதைக் குடுறா ஓரின்!" கடை வாசல் நாற்காலியில் பாலாடைக்கட்டித் துண்டுகளை மென்றுகொண்டிருந்த ஹார்வி குரல் கொடுத்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். "அந்த டேனிக் பையன் நவம்பர் குளிர்ல ஒரு ஆட்டம் ஆடியிருக்கானா? பந்து கல்லு மாதிரி இருக்கும். அப்பத் தெரியும்."

"குளிருக்கு முன்னாடி ஏழு ஆட்டம் இருக்கு, ஹார்வி. அதுல ஆறு ஜெயிச்சா நவம்பர்ல அவன் கையுறை போட்டுக்கிட்டு நின்னாக்கூடப் போதும்."

"முன்வரிசையில அஞ்சு பேரு இருக்கானுங்களே, அவனுங்க வேலி மாதிரி நிக்கலேன்னா எவன் எறிஞ்சு என்ன? சனிக்கிழமைக்கு அடுத்த மூணு ஆட்டமும் வெளியூரு. மூணும் போகுது பாரு. கோச் திட்டம் பூரா கொக்குத் தலையில வெண்ணெய் வெச்சுப் பிடிக்கிற திட்டம்!"

"நீங்க சொல்லுங்க," ஓரின் அவள் பக்கம் திரும்பினான். "பழைய குதிரைக்குப் புல்லு போடலாம். சேணம் போடலாமா? வெண்டெலுக்குத் தோள் போச்சு. மரியாதையா வீட்டுல உக்காந்து ஆட்டம் பாக்கலாம்ல?"

தெக்லாவின் முகம் ஒரு நொடி மாறியது. மூன்று வாரமாக அந்தத் தோளுக்குத் தினமும் ஐஸ் ஒத்தடம் கொடுப்பவள் அவள்தான். அண்ணனைப் பார்த்துக்கொள்ள மில்வாக்கியிலிருந்து வந்தவளை இந்த ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியாது. சொல்லியிருக்கலாம். ஆனால் ஊர் என்ன பேசுகிறது என்று கேட்க வேண்டும்போல ஒரு வீம்பு...

"அவரு வீட்டுல உக்காந்தா, துணைக்கு நீங்க போய் உக்காருவீங்களா?"

ஓரின் அந்தக் கண்களையே பார்த்தபடி பலகையை எடுத்தான், ஒன்பது என்று காட்டினான், புரட்டினான், கால் கட்டையை வைத்து ஆணி அடித்தான். இரண்டாவது அடி கட்டை விரலில் இறங்கியது.

"ஆ!"

"பலகையைப் பாத்து அடிங்க," என்றாள். இந்த முறை சிரிப்பை மறைக்க முடியவில்லை.

பெயின்ட் ஈரம் காயவில்லை. மழையோ வலுத்தது. அவன் யோசிக்காமல் தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பலகையைச் சுற்றினான். தோளில் தூக்கிக்கொண்டு அவள் கார் வரை ஓடினான். திரும்பியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கோட்டு?"

"வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு வருவீங்கல்ல... அப்பக் குடுங்க."

"வருவேன்னு யாரு சொன்னா?"

"இந்த ஊருல ஒன்பது கேக்குற தைரியம் இருக்குறவங்க எங்க வேணாலும் வருவாங்க."

வழியெல்லாம் தெக்லாவுக்கு நிலைகொள்ளவில்லை. அண்ணனைக் குதிரை என்றவன்... அவனை நினைத்து ஏன் சிரிக்கிறோம்? வீட்டு வாசலில் கோட்டை அவிழ்த்து, பலகையின் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பி, பின்னால் நின்றபடியே புல்லில் ஊன்றினாள். முன்னால் போய்ப் பார்க்கவில்லை. கோட்டில் பால் வாசனை அடித்தது. பால் டாங்கர் ஓட்டுகிறவனோ...

மறுநாள் காலை வெண்டெல் தபால் பெட்டியைப் பார்க்கப் போனவர் வெகுநேரம் வரவில்லை. தெக்லா எட்டிப் பார்த்தாள். பலகைக்கு முன்னால் காபிக் கோப்பையோடு நின்றிருந்தார்.

"தெக்... நீயுமா?"

ஓடிப்போய்ப் பார்த்தாள். வாசலில் ஆறு நின்றிருந்தது. சிவப்பாக, பெரிதாக, ஆறு.

"ஐயோ... வெண்டெல்! நான் ஒன்பதுதான் கேட்டேன். தப்பா நட்டுட்டேன் போல..."

"கால் கட்டை ஆறுக்குக் கீழ்ப்பக்கம் அடிச்சிருக்கும்மா. இதைத் தலைகீழா நட முடியாது." அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். இல்லை. "பரவால்ல. எல்லாரும் சுத்தி வளைச்சுச் சொல்றாங்க. நீயாவது நேராச் சொன்னியே."

தெருவில் போன ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது. ஓட்டியவன் செல்பேசியை நீட்டிப் படம் எடுத்தான். மதியத்துக்குள் ஊர் முழுக்க ஒரே சிரிப்பு. வெண்டெல் வீட்டுக்காரங்களே ஆறு கேக்குறாங்களாம்! சாயங்காலம் அவர் கோச்சுக்குப் போன் செய்தார். "வெள்ளிக்கிழமைப் பட்டியல்ல என் பேரை எடுத்துடுங்க."

தெக்லா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவள் சொல்லச் சொல்ல, தங்கை ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் அவர் தலையசைத்தார். அன்பானவர்களை உண்மையைக்கூட நம்பவைக்க முடியாமல் போகிற வேளை உண்டு.

பாலாடைக்கட்டித் தொழிற்சாலை வாசலில் டாங்கரைக் கழுவிக்கொண்டிருந்த ஓரினுக்கு முன்னால், வியாழன் காலை, மழைக்கோட்டு வந்து விழுந்தது.

"நல்லாச் சிரிச்சீங்களா?"

"நான்... என்ன..."

"வெண்டெல் என் அண்ணன். ஒன்பது கேட்டவளுக்கு ஆறு அடிச்சுக் குடுத்து, பலகை முகம் தெரியாம கோட்டையும் சுத்திக் குடுத்தீங்க. நானும் பெரிய உபகாரம்னு நெனச்சேன்." ஓரடி முன்னால் வந்தாள். "பதிமூணு வருஷத்தை ஒரு பலகையில முடிச்சுட்டாரு. இந்த ஊருல எல்லாரும் வேணாம்னாலும் தாங்கிக்கிட்டாரு. நான் வேணாம்னு சொன்னதா நெனச்சுத்தான் விட்டாரு. புரியுதா?"

"சத்தியமா நான் வேணும்னு பண்ணலீங்க!"

"எத்தனை பலகை அடிச்சீங்க?"

"இருநூறு இருக்கும்."

"எத்தனை தப்பாச்சு?"

"இது... இது ஒன்னுதான்."

"அதான்," என்றாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அன்று முழுதும் ஓரின் எந்தப் பண்ணையில் பால் ஏற்றினான் என்பதே அவனுக்கு நினைவில்லை. கை மட்டும் ஸ்டீரிங்குக்கு மேல் காற்றில் எதையோ புரட்டிக்கொண்டிருந்தது. முகத்தைக் கீழே கவிழ்க்கும்போது பலகையைப் புத்தகத் தாள்போலப் பக்கவாட்டில் புரட்ட வேண்டும். அப்போதுதான் தலை தலையாக இருக்கும். அன்று... அவளைப் பார்த்துக்கொண்டே... அடையைத் திருப்பிப்போடுவதுபோல மேலிருந்து கீழாக...

வண்டியை ஓரங்கட்டினான். கடவுளே, குதிரை என்று சொன்ன வாய்க்கு இது சரியான தண்டனைதான். ஆனால் அதை நான் அல்லவா வாங்க வேண்டும்? அவர் ஏன் வாங்குகிறார்?

அவள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லலாம். அவள் நம்பக்கூடச் செய்யலாம். ஆனால் சிரித்தது ஊர். ஊர் நடுவில்தான் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் தப்பானது என்றும் சொல்ல வேண்டிவருமே... அதை நினைத்தபோது காது மடல் சுட்டது.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பொரித்த மீனின் வாசனையும் இருநூறு பேரின் இரைச்சலும். வெண்டெல் வந்திருந்தார். "அந்தப் பையனுக்குக் கை குடுத்து வாழ்த்தணும். அதுக்காவது போகணும்" என்று அவரே சொல்லித்தான் தெக்லா உடன் வந்தாள். அவர்கள் உட்கார்ந்ததும் அடுத்த மேஜைப் பேச்சு அடங்கியது. சமையலறை மாவிஸ் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் வந்து, இருப்பதில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வெண்டெலின் தட்டில் வைத்துவிட்டு, அவருடைய நல்ல தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள்.

கோச் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் பிரித்தார்.

"ஒரு நிமிஷம்!"

பின்வரிசையில் ஓரின் எழுந்து நின்றிருந்தான். தெக்லா திரும்பிப் பார்த்தாள். இன்னும் என்ன பாக்கி இவனுக்கு?

"வெண்டெல் வீட்டுப் பலகையைப் பத்தி எல்லாரும் சிரிச்சீங்க. அந்த வீட்டுலேருந்து கேட்டது ஒன்பது. அடிச்சவன் நான். தப்பு என்னுது."

"டேய், இருநூறு பலகை அடிச்சவன் நீ," ஹார்வி விடவில்லை. "இது ஒன்னு மட்டும் எப்பிடிடா தப்பாச்சு?"

"பக்கவாட்டுல புரட்டணும். தலைகீழாப் புரட்டிட்டேன்."

"அதான் ஏன்னு கேக்குறேன்!"

ஓரின் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்தான். கையிலிருந்த தொப்பி படாதபாடு பட்டது.

"...பலகையைப் பாக்கலை, ஹார்வி. கேக்க வந்தவங்களைப் பாத்துக்கிட்டே புரட்டினேன்."

மேஜை மேஜையாகத் தலைகள் தெக்லா பக்கம் திரும்பின.

"வெண்டெல்," அவன் அவர் பக்கம் திரும்பினான். "உங்களைக் குதிரைன்னு சொன்னேன். மன்னிச்சுடுங்க. முதல்ல டேனிக்தான் இறங்கணும்னு இப்பவும் நெனைக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க தங்கச்சி உங்களை விட்டுக்குடுக்கலை. ஒரு நிமிஷம்கூட."

வெண்டெல் மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினார். "அப்போ நீ சொன்னது..."

அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தாள். எல்லோர் கண்ணும் தன்மேல் என்று தெரிந்தும் எழுந்தாள். அவன் அத்தனை பேர் முன்னால் தன்னைக் கீழே போட்டுக்கொண்டு நிற்கும்போது, தான் மட்டும் கௌரவமாக உட்கார்ந்திருப்பது பாவம் என்று பட்டது.

"தப்பு அவரு மேல மட்டும் இல்ல. நட்டது நான். முன்னாடி வந்து ஒரு தடவை பாத்திருந்தாப் போதும். பாக்கலை... வேற நெனப்புல இருந்தேன்."

"என்ன நெனப்பும்மா?" மாவிஸ் சமையலறைச் சாளரத்திலிருந்து தலையை நீட்டினாள்.

"கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு மழையில நனைஞ்சுக்கிட்டு நின்ன ஒருத்தர் நெனப்பு."

முதலில் சிரித்தது வெண்டெல். நவம்பருக்குப் பிறகு தெக்லா அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. தோள் வலிக்க வலிக்கச் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. இந்த முறை யாரையும் குத்தாத சிரிப்பு.

"கோச்," கண்ணைத் துடைத்துக்கொண்டார் அவர். "என் பேரைத் திரும்ப எழுதுங்க. இரண்டாவதா எழுதுங்க, போதும். குளிர்ல பந்தை எப்பிடிப் பிடிக்கணும்னு அந்தப் பையனுக்கு யாராவது சொல்லித் தரணும்ல?"

கோச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். டேனிக் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வெண்டெலின் மேஜைக்கே வந்துவிட்டான்.

ஓரின் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். தெக்லா அவனருகே போனாள். இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"நாளைக்கு ஆட்டத்துக்கு..." அவன் தடுமாறினான். "எங்க பக்கம் வந்து உக்காருவீங்களா? ஆனா அங்க எல்லாரும் டேனிக்குக்குத்தான் கத்துவாங்க."

"மாட்டேன். நீங்க எங்க பக்கம் வாங்க."

"வந்து வெண்டெலுக்குக் கத்தணுமா?"

"கத்த வேணாம்." இப்போது அவள் நேராகவே பார்த்தாள். "நீங்க பக்கத்துல இருந்தாப் போதும், ஓரின். நாளைக்கு மட்டும் இல்ல..."