வலது பக்கம், பின்சக்கரம்

கேரளாவின் முதலமடையிலிருந்து தமிழ்நாட்டு எல்லையான கோவிந்தாபுரம் போகும் ரோட்டில், பின்னால் வந்த ஜீப்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நர்மதா கண்டுகொள்ளவே இல்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள்... காரின் உறுமல் ஏறியது. வலது பக்கம் ஒடித்தாள்... இறங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு மறுபடி இடது பக்கம் ஒடிக்கப் போன நேரத்தில், ஜீப் முந்திக்கொண்டு போய்க் குறுக்கே நின்றது.

இறங்கி வந்தவனுக்கு அவள் வயதுதான் இருக்கும். கோபமாகத்தான் வந்தான். ஆனால் கோபப்பட்டுப் பழக்கமில்லாத கண்கள்... பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"ஏங்க, வண்டி ஓட்டுதீங்களா... இல்ல ரோட்டுல கோலம் போடுதீங்களா?"

"சத்தம் கேட்டுட்டு இருக்கறனுங்க. நடுவுல உங்க ஹாரன் வேற."

திட்டுவதற்கென்று திறந்த வாய் அப்படியே நின்றது. என்ன சத்தம் என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே ஒரு மாதமாகக் காத்திருந்தவள் போல நர்மதா கொட்டித் தீர்த்துவிட்டாள்.

அந்தச் சின்ன வெள்ளைக் கார் அவள் பிறந்த வருஷம் வீட்டுக்கு வந்தது. முதலமடையில் இருக்கும் அப்பா தனபாலின் தோப்பு மாங்காய் லாரியில் மண்டிக்குப் போகும். பழுத்த பழங்களை மட்டும் பெட்டி பெட்டியாகக் கட்டி, பொள்ளாச்சியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் சொந்த வியாபாரம். அதற்குக் கால் இந்தக் கார்தான். போன மாதத்திலிருந்து ஓர் உறுமல்... வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. முதலமடையில் கேட்டால் தமிழ்நாட்டு ரோடு அப்படி என்றார்கள். பொள்ளாச்சியில் கேட்டால் கேரளா ரோடு அப்படி என்றார்கள். அவளும் போகும்போது ஒன்றையும் வரும்போது மற்றதையும் நம்பினாள். வொர்க்‌ஷாப் ராஜசேகர் டயரை மாற்றிப் பார்த்தார், சத்தம் அசையவில்லை. அப்பாவோ கியர்பாக்ஸ் போய்விட்டது என்று மண்டி முழுக்கச் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லில் இருந்து இறங்கி வந்த மனிதர் இல்லை அவர். வெள்ளிக்கிழமை காலை பழைய இரும்புக்காரன் லாரி வாசலுக்கு வரும். கார் போனால் வியாபாரம் போச்சு, அதோடு அவள் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் முன்பின் தெரியாத ஒருத்தனிடம் ஏன் சொன்னோம் என்று சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு வெட்கம் வந்தது.

அவன் பெயர் பாண்டீஸ்வரன். மூணாறு தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, அங்கே வரும் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். பாலக்காடு ஸ்டேஷனில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான்.

"எல்லைக் கோட்டைத் தாண்டுறப்ப சத்தம் மாறுதாங்க?" என்றான்.

நர்மதா விழித்தாள். இத்தனை தடவை போய் வந்தும் அதை மட்டும் கவனித்ததே இல்லை... செக்போஸ்ட் வந்தால் எல்லோரையும் போல அவளும் வேகத்தைக் குறைத்துவிடுவாள்.

இந்தப் பக்கம் ரோடு பெயர்ந்து கிடக்கிறது, அந்தப் பக்கம் புதுத் தார். ஒரே வேகத்தில் இரண்டிலும் ஓட்டினால் போதும் என்றான். ரோடு மாறச் சத்தம் மாறினால் டயர், மாறாவிட்டால் வீல் பேரிங். இடது பக்கம் ஒடிக்கும்போது பாரம் வலது சக்கரத்தில் இறங்கும். அப்போது உறுமல் ஏறுவதால் வலது பக்கம்தான்... அதுவும் முன்சக்கரம்தான் என்று அடித்துச் சொன்னான்.

"வலது பக்கம் சரிங்க. ஆனா அது பின்னாடி இருந்து வருது."

"முன்னாடிங்க."

"என்ற வண்டிங்க இது."

ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் ஊர் பேர் தெரியாதவன் கையில் காரைக் கொடுப்பதா? அவள் தயங்குவதைப் பார்த்ததும் அவன் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு வந்து, அதன் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் கார் சாவியைக் கொடுத்தாள். சாவி மாற்றிக்கொண்ட அந்த ஒரு நொடியில் இருவருமே எங்கோ பார்த்தார்கள்.

பின்சீட்டில் சாய்ந்து சீட்டில் காதை வைத்துக்கொண்டாள் நர்மதா. ரோடு மாறியது... கற்களின் கடகடப்பு நின்றது... உறுமல் மட்டும் அப்படியே தொடர்ந்தது. அதுவும் அவள் காதுக்கு நேர் கீழே.

"பின்னாடிதானுங்க," என்றாள். குரலில் இருந்த குதூகலத்தை அவளாலேயே மறைக்க முடியவில்லை. கண்ணாடியில் அவன் கண்கள் அவள் கண்களைத் தேடிப் பிடித்தன. அதில் தோற்ற வருத்தம் துளிகூட இல்லை.

ஜீப் நின்ற இடத்துக்கே திரும்பி வந்து காரை ஜாக்கி போட்டுத் தூக்கியபோது கோடை மழை பிடித்துக்கொண்டது. அவன் பின்சக்கரத்தைச் சுழற்றினான். சக்கரத்துக்கு மேலே தொங்கிய ஸ்பிரிங்கில் அவள் கை வைத்தாள். அரிசியில் கல் கிடந்தது போல நறநறவென்று விரலில் ஏறியது... அவன் கையும் அங்கேயே வந்து நின்றது. இமையில் மழைத்துளி வழிய அவன் சிரித்தான். அவள் கையை எடுத்துக்கொள்ள இரண்டு சுற்று தாமதமாகிவிட்டது.

"நானே வந்து உங்கப்பாகிட்டச் சொல்லுதேன்," என்றான் பாண்டீஸ்வரன்.

இத்தனை நாள் எல்லோரும் அவளுக்காகப் பேசினார்கள், ஒருவரும் அவள் பேச்சைக் கேட்டதில்லை. அந்த எரிச்சலெல்லாம் வர வேண்டாத இடத்தில் வந்து விழுந்தது.

"எங்கூட்டுச் சண்டைக்கு வாடகை ஆள் வேண்டாமுங்க."

அவன் முகம் அணைந்தது. கார் சாவியைக் கொடுத்து, ஜீப் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். சொன்னது என்ன என்று நர்மதாவுக்குப் புரிவதற்குள் ஜீப் மழைக்குள் மறைந்துவிட்டது. பைத்தியக்காரி... நல்லது செய்ய வந்தவனை நோகடித்து அனுப்பிவிட்டாயே... அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அழுதுகொண்டு உட்காரவும் இல்லை. மறுநாளே ராஜசேகரின் வொர்க்‌ஷாப்பில் பக்கத்திலேயே நின்று புது பேரிங் போடவைத்தாள். கழற்றிய பழசை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்த ராஜசேகர், டயரைக் குற்றம் சொன்னது தன் தப்புதான் என்று சிரித்தார். அப்பா மட்டும் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. ரோட்டில் பார்த்த எவனோ சொன்னானாம், இவள் செய்தாளாம்... கியர்பாக்ஸ்தான் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. வாசலில் இரும்புக்காரன் லாரி வந்து நின்றது. அதற்குப் பின்னாலேயே ஒரு ஜீப்பும் வந்து நின்றது.

அன்று அவள் காரில் இருந்த மாம்பழப் பெட்டியில் பார்த்த தோட்டத்துப் பெயரை விசாரித்துக்கொண்டு வந்தவன், தனபாலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக அவளிடம் வந்தான். ஜீப் சாவியை நீட்டினான்.

"இன்னைக்கு வாடகைக்கு வரலைங்க," என்றான் மெதுவாக.

நர்மதா மன்னிப்பு என்ற வார்த்தையைத் தேடினாள், கிடைக்கவில்லை. சாவியை வாங்கித் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டாள். அவன் கண்கள் முடிச்சையே பார்த்தன.

தனபால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், வந்தவன் யார் என்று புரிந்துவிட்டது. எல்லை வரைக்கும் போய் வரலாம், ஒரு முனகல் கேட்டாலும் வண்டி இன்றைக்கே லாரியில் ஏறும் என்றார். பேரிங் என்று சொன்னவனும் கூட வரட்டும், கேட்க வேண்டியதை நேரில் கேட்கலாம் என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முன்சீட்டில் பாண்டீஸ்வரன். ஸ்டியரிங்கில் நர்மதா.

வேகம் ஏறியது. இடது பக்கம் ஒடித்தாள்... ஒன்றும் இல்லை. ரோடு மாறியது... புதுத் தாரில் கார் வழுக்கிக்கொண்டு போனது. உறுமல் இருந்த இடத்தில் காற்று மட்டும். இந்தக் காருக்கு இப்படி ஒரு அமைதி இருக்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள். சந்தோஷம் நெஞ்சுக்குள் தாங்கவில்லை. இனி எந்த வீட்டு வாசலுக்கும் தலை நிமிர்ந்து போய்ப் பெட்டி இறக்கலாம்... அந்தத் தெம்பில் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், உதட்டை அசைத்தும் அசைக்காமலும் சொன்னாள்.

"அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க... இந்தச் சாவியைத் திருப்பிக் குடுக்க எனக்கு மனசில்லைங்க."

"குடுக்க வேண்டாங்க," என்றான் அதைவிட மெதுவாக. "அத வச்சுக்கிடுங்கன்னு சொல்லத்தான் மலையில இருந்து வந்தேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

பின்சீட்டில் ஒரு கனைப்பு.

"அம்மிணி... சத்தம் சுத்தமா நின்னுபோச்சு. இப்ப நீங்க பேசறதெல்லாம் எனக்கு நல்லாக் கேக்குது."

ஒரு மாதமாக உறுமலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசியவளுக்கு, மெதுவாகப் பேசினால் பின்னால் கேட்காது என்ற நினைப்பு. அது அப்பாவின் ஒரு கனைப்பில் உடைந்துபோனது. ஸ்டியரிங் கையில் ஒருமுறை ஆடியது. பாண்டீஸ்வரன் உட்கார்ந்த இடத்திலேயே அட்டென்ஷனில் நின்றான்.

தனபால் வெளியே தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் போனது. தன் பேச்சுத் தோற்றதை விழுங்க அவருக்கு அவ்வளவு தூரம் தேவைப்பட்டது.

"தம்பி... மூணாறு ஏத்தம் ரொம்பக் கஷ்டமா?"

"ஆமாங்கய்யா."

"இந்த வண்டி ஏறுமா?"

"ஏறுமுங்கப்பா," என்றாள் நர்மதா, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் இரும்புக்காரன் கயிற்றோடு தயாராக நின்றிருந்தான். தனபால் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"வண்டி குடுக்கறதில்லீங்க, கிளம்புங்க. நாளைக்கு நாங்க குடும்பத்தோட மலைக்குப் போகோணும்... மாப்பிள்ளை ஊடு பாக்க."

நர்மதா துப்பட்டா முடிச்சை இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவன் அவளைப் பார்த்தான். இந்தத் தடவை அவளும் வேறெங்கும் பார்க்கவில்லை.