காலி வீடு

கிளம்பும்முன் ரெஜினா வழக்கம்போல் கணவர் அமலதாஸின் கையைத் தூக்கிச் சுவரைப் பார்த்து ஆட்டினாள். சுவர் பச்சையாக ஒளிர்ந்தது. ஆள் இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டது. குளிர்காற்று தொடர்ந்தது.

எண்ணூர் அடுக்ககங்களில் எல்லாச் சுவரிலும் இந்த வெப்பமுணர் படலம்தான். வெங்காயச் சருகு போன்ற பாலிமர் ஃபிலிம். எதிரே சூடு மாறினால் அதில் மின்சாரம் சுரக்கும், நடமாட்டம் தெரிந்துவிடும். நடமாட்டம் இருக்கும் வீட்டுக்கு மட்டுமே குளிர்காற்று என்பது சட்டம். கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கும் அமலதாஸைப் போன்றவர்களைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவே இல்லை. யோசிக்கிற வழக்கம்தான் அவர்களுக்கு ஏது?

மதியம் வந்து மறுபடி கையை ஆட்டிவிட்டுப் போவாள். அன்று பேருந்து வழியில் நின்றுவிட்டது. அவள் வந்து சேர்ந்தபோது வீடு அடுப்பாகக் கொதித்தது. காலி வீடு என்று முடிவுகட்டி, படலம் காற்றை நிறுத்தியிருந்தது. அமலதாஸுக்கு உதடு வெடித்து, நாக்குக் குழறியது. ரெஜினா அவர் கையை ஆட்டினாள், தன் கையை ஆட்டினாள், குதித்தும் பார்த்தாள். சுவர் மசியவில்லை.

உதவி எண்ணில் ஒரு பையன் பொறுமையாக விளக்கினான். அறையும் உடம்பும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் படலத்துக்கு வித்தியாசம் தெரியாதாம்.

"ரூம் குளிர்ந்ததும் நீங்க தெரிவீங்க மேடம்."

"ரூம் எப்பப்பா குளிரும்?"

"நீங்க தெரிஞ்சதும் மேடம்."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மீன்காரம்மாவிடம் ஓடினாள். ஐஸ் பெட்டியில் இருந்த தண்ணீரை அப்படியே வாளியில் வாங்கிவந்து, மீன் வாடையோடு கணவர் தலையிலிருந்து கால்வரை ஊற்றினாள். அவர் மூச்சை இழுத்து, கண் திறந்தார்.

சுவர் விழித்துக்கொண்டது. இம்முறை பச்சை இல்லை, வெள்ளை எழுத்துகள். அசைவற்ற, குளிர்ந்த உடல் ஒன்று கண்டறியப்பட்டதாம். ஆழ்ந்த அனுதாபங்களாம். அடக்கம்வரை முழுக் குளிர்காற்று வழங்கப்படுமாம். கீழே இரண்டு பொத்தான்கள்: ஆட்சேபணை, அடக்கத் தேதி.

கூரையிலிருந்து காற்று கொட்டியது. ரெஜினாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆட்சேபணையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாத ரெஜினா," என்றார் அமலதாஸ்.

"நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லுதுங்க."

"சொல்லிட்டுப் போவட்டும். உயிரோட இருந்தப்ப இவ்ளோ காத்து குடுக்கல."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நின்றபடியே அழுது தீர்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடக்கத் தேதியைத் தொட்டு, கோடை முழுவதையும் தாண்டி, மழைக்காலத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தாள்.