மஞ்சள் மூஞ்சிக்காரனுக்கு ஒரு மனைவி

டோத்தோரா ஊரில் எல்லோருக்கும் அந்தச் செய்தி தெரிந்திருந்தது. ரொட்டிக் கடைக்காரருக்குத் தெரியும். பால் ஏற்றிப் போகும் லாரிக்காரருக்குத் தெரியும். மலைச்சரிவில் மேயும் ஆடுகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஏனென்றால் சிறுமி அம்பாரோ அவற்றிடமும் சொல்லியிருந்தாள்.

உலகத்தில் இதுவரை பெயரே இல்லாத ஒரு தேனீக்கு அவளுடைய பெயரை வைக்கப்போகிறார்கள்!

வைக்கப்போவது அவளுடைய சித்தி மிரேயா. சித்தி லா செரேனா நகரத்தில் தேனீ ஆராய்ச்சி செய்பவள். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கள் இல்லை. சிலி நாட்டின் வடக்கே, இந்தப் பாலைவன மண்ணில் பொந்து தோண்டி, தனித்தனியாகக் குடித்தனம் நடத்தும் தேனீக்கள். மழை பெய்த வருடங்களில் மட்டும் பாலைவனம் பூக்கும். அப்போது அவையும் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வரும். அவற்றின் பின்னாலேயே வலை, கண்ணாடிக் குழாய், நுண்ணோக்கி சகிதம் சித்தியும் வந்து இறங்குவாள்.

போன வருடம் சித்திக்குக் கிடைத்தது ஒரு கருப்புத் தேனீ. குண்டு உடம்பு, கால் நிறைய மகரந்தம். மலைச்சரிவில் இருக்கும் ஊதாப் பூக்களில் மட்டுமே அகப்பட்டது. அத்தனையும் பெண். எந்தப் புத்தகத்திலும் இல்லாத புது இனம் இது என்று சித்தி சொன்னதும் ஊர்க் கூட்டத்தில் கைதட்டல் அடங்கவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் சித்தி, ஊர்ப் பெயரையே இதற்கு வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். லத்தீன் மொழியில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டியதில் அது 'டோத்தோரென்சிஸ்' ஆனது.

இந்த வருடம் வேறு ஒன்று. அதை முதலில் பார்த்தது அம்பாரோ. வற்றிப்போன ஓடையின் மணலுக்கு மேலே தாழ்வாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கருப்புத் தேனீயில் பாதிதான் இருக்கும். ஒல்லி உடம்பு. மூஞ்சி மட்டும் பளீர் மஞ்சள். அதன் உணர்கொம்பில் ஒரு கணு கூடுதலாக இருப்பதைச் சித்தி நுண்ணோக்கியில் காட்டி, அப்படி இருந்தால் ஆண் என்று சொல்லிக்கொடுத்தாள். பிடித்தவை அத்தனையும் ஆண்தான்.

“இதுவும் புதுசுதான்டி,” என்றாள் சித்தி. “கருப்புக்கு ஊர் பேரு. இதுக்கு உன் பேரு.”

அம்பாரோவுக்கும் ஒரு வால் ஒட்டினார்கள். 'அம்பாரோவே'.

அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளியில் ஆசிரியை அந்தத் தேனீயைப் பெரிதாக வரைந்து, கீழே பெயரையும் எழுதிச் சுவரில் மாட்டினார். பக்கத்து இருக்கை டாமியானுக்குத்தான் அது பொறுக்கவில்லை.

“ஒரு பூச்சிக்குப் பேரு வெக்கறதுக்கே இந்த அலட்டலா? மலைக்கு வெச்சா என்ன ஆவியோ,” என்றான்.

“உனக்கும் ஒண்ணு பாத்துத் தரச் சொல்றேன்,” என்றாள் அம்பாரோ. “சாணி உருட்டற வண்டு ஏதாவது மிச்சம் இருக்கும்.”

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு குறையைத் தவிர. அந்த மஞ்சள் மூஞ்சித் தேனீயின் பெண் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலைத் தேநீரின்போது, ரொட்டியில் அவகாடோவைத் தடவிக்கொண்டே சித்தி அம்மாவிடம் அதைச் சொல்லி வருத்தப்பட்டாள். ஆணை மட்டும் வைத்தே விவரித்து எழுதிவிடலாமாம், தப்பில்லையாம். ஆனாலும் பெண்ணும் கிடைத்தால்தான் முழுமையாக இருக்குமாம். நாளை மாலை லா செரேனாவுக்குத் திரும்பியதும் கட்டுரையை அனுப்பியாக வேண்டுமாம்.

அம்பாரோ ரொட்டியை மெல்லாமல் யோசித்தாள். தன் பெயர் கொண்ட தேனீ உலகத்தின் முன்னால் பிரம்மச்சாரியாகப் போய் நிற்பதா? அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பெண் தேடுவது தன் பொறுப்பு என்று முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் வெயில் ஏறியதும் ஒரு கண்ணாடிக் குழாயோடு ஓடைக்குப் போனாள். மணலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். மஞ்சள் மூஞ்சிக்காரர்கள் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேலையும் செய்யவில்லை. பூப்பக்கம் போகவில்லை. இவர்களுக்கு எவள் கழுத்தை நீட்டுவாள் என்று அம்பாரோவுக்கே சந்தேகம் வந்தது.

மூக்கு நுனியில் வியர்வை சொட்டியபோது, கண்ணெதிரே மணல் அசைந்தது. சின்னதாக ஒரு துளை விழுந்தது. அதிலிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு தலை வெளியே வந்தது.

கருப்புத் தலை. பின்னாலேயே குண்டு உடம்பு. சித்தியின் போன வருடத்துத் தேனீயேதான்.

அம்பாரோவுக்கு எரிச்சல் வந்தது. “நீ ஏன் இங்க வந்த? உன் இடம் மலைதானே, போ,” என்று ஊதிவிட்டாள்.

அது போவதற்குள் மஞ்சள் மூஞ்சிக்காரர்கள் மூன்று பேர் அதன்மேல் வந்து விழுந்தார்கள். சண்டை போடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். இரண்டு பேர் தோற்று விலகிப் போனார்கள். மூன்றாமவன் கருப்பின் முதுகைக் கட்டிக்கொண்டான். கருப்பு அவனைக் கொட்டவும் இல்லை, உதறவும் இல்லை. இரண்டும் ஒன்றாக மணலில் உருண்டன.

அவள் கை தானாகக் குழாயைக் கவிழ்த்து மூடியது. அதற்குப் பிறகுதான் விஷயம் மூளைக்கு எட்டியது.

அவள் தேடி வந்த பெண் இதுதான். அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. மஞ்சள் மூஞ்சி தனி இனமே இல்லை, கருப்பின் கணவன். கணவனுக்கும் அதே பெயர்தான். அப்படியென்றால் 'அம்பாரோவே' என்று ஒரு தேனீ இந்த உலகத்திலேயே கிடையாது.

திங்கட்கிழமை வகுப்பில் என்ன சொல்வது? டாமியான் சும்மா விடுவானா? ரொட்டிக் கடையில் எப்படித் தலை காட்டுவது?

குழாயைத் திறந்துவிட்டால் போதும். இரண்டும் பறந்துவிடும். இதைப் பார்த்தது அவளும் அந்த இரண்டு தேனீக்களும்தான். தேனீக்கள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மூடியில் விரலை வைத்தாள். அப்போது சித்தியின் முகம் நினைவுக்கு வந்தது. சித்தி நுண்ணோக்கியில் குனிந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஒவ்வொரு முடியையும் பார்த்துப் பார்த்து எழுதுவாள். என்றைக்காவது வேறு யாராவது இந்த மணலில் வந்து படுப்பார்கள். இதையே பார்ப்பார்கள். மனைவியை ஓரினம், கணவனை ஓரினம் என்று எழுதிவைத்த ஆராய்ச்சியாளர் யார் என்று கேட்டுச் சிரிப்பார்கள். தன்னைப் பார்த்து டாமியான் சிரித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சித்தியைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

விரலை எடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

சித்தி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்பாரோ குழாயை நீட்டினாள். சித்தி வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கட்டிய பெட்டியை அவிழ்த்து நுண்ணோக்கியை வெளியே எடுத்தாள். வெகுநேரம் நிமிரவே இல்லை.

“எங்க பிடிச்ச?” என்று கடைசியில் கேட்டாள்.

அம்பாரோ துளை விழுந்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள். திறந்துவிடப் பார்த்ததையும் சொல்லிவிட்டாள்.

சித்தி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் முகம் வாடியதை அம்பாரோ பார்த்தாள். இரண்டு புது இனங்கள் என்று பெருமையாகக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தவள் அவள். பிறகு அந்த முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

“புருஷன ஒரு பெட்டியிலயும் பொண்டாட்டிய ஒரு பெட்டியிலயும் பிரிச்சு வெச்சிருக்கேன் பாரு. என்னைவிடப் பெரிய பாவி உண்டா?”

“எங்க வீட்டுல அப்பாவுக்கு ஒரு குடும்பப் பேரு, அம்மாவுக்கு ஒரு குடும்பப் பேரு,” என்றாள் அம்பாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “தேனீக்கு மட்டும் ரெண்டு பேரு இருக்கக் கூடாதா சித்தி?”

“ஆசைதான். ஆனா ஒரு இனத்துக்கு ஒரே பேருதான்டி. ஊருக்கு வாக்குக் குடுத்தாச்சு, அத மாத்த முடியாது.”

“தெரியும்,” என்றாள் அம்பாரோ. தெரிந்திருந்தும் அழுகை வந்தது. சித்தி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்று மாலை சித்தி லா செரேனாவுக்குப் போகவில்லை. கட்டுரையும் போகவில்லை. அதை முதல் வரியிலிருந்து திருப்பி எழுத வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அம்பாரோ மற்றவர்களுக்கு முன்பே பள்ளிக்குப் போனாள். சுவரிலிருந்த படத்தில் தன் பெயரைத் தானே அழித்தாள். எல்லோரும் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். வகுப்பே டாமியானைத் திரும்பிப் பார்த்தது. படத்தில் மஞ்சள் மூஞ்சிக்குப் பக்கத்தில் மனைவியையும் வரைய வேண்டும் என்று ஆசிரியை சொன்னபோது, கருப்புப் பென்சிலைத் தேடி எடுத்துக் கொடுத்தது அவன்தான்.

சில மாதங்கள் கழித்து, மலைச்சரிவின் பூக்கள் எல்லாம் காய்ந்து உதிர்ந்தபிறகு, அச்சான கட்டுரையோடு சித்தி வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஊரே கூடியிருந்தது. சித்தி நடுவில் நின்று படித்தாள். 'டோத்தோரென்சிஸ்' என்று ஊர்ப் பெயர் வந்தபோது பெஞ்சுகள் அதிரக் கைதட்டினார்கள். பெண்ணின் நிறம், நீளம், சிறகின் நரம்புகள் என்று போய், ஆணைப் பற்றிய பகுதி வந்தது. அங்கே சித்தி கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள்.

“ஆணும் பெண்ணும் அளவிலும் நிறத்திலும் பெரிதும் மாறுபட்டிருப்பதால், இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று இதை எழுதுபவர் தவறாக எண்ணியிருந்தார். இரண்டும் ஒன்றே என்பதை ஓடை மணலில் நேரில் கண்டு, இணையாகப் பிடித்துத் தந்து, இந்தத் தவறைத் திருத்தியவர் டோத்தோராவைச் சேர்ந்த அம்பாரோ ரிவெரோஸ்.”

முதலில் கைதட்டியது டாமியான். அப்புறம் யார் தட்டுகிறார்கள், யார் விசிலடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளியே சிவக்க வைத்துவிட்டாள். அம்பாரோவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

ரொட்டிக் கடைக்காரருக்கு மட்டும் ஒரு குழப்பம் தீரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

“அப்போ அந்தத் தேனீக்கு உன் பேரு இல்லையாம்மா?”

“பேரு நம்ம ஊரோடது மாமா,” என்றாள் அம்பாரோ, தலையை நிமிர்த்திக்கொண்டு. “ஆனா, அதுங்க ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சது நான்தான்.”